கணிப்பொறி யார் வீட்டுப் பிள்ளைக்கு?

தட்டச்சுப் பொறி நம்மவர்களை எப்படி இரண்டாகப் பிரித்தது என்பதை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் பழகியவர்கள் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் நாற்காலி பிடித்தார்கள்; மாதுங்காவில் குடியேறினார்கள். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் மூட்டை சுமக்கவும் வந்தவர்களோ தாராவிச் சதுப்பில் குடிசை போட்டார்கள். இரு சாராரும் பேசியது தமிழ்தான். ஒரு பொறியைப் பழகும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் வேறுபாடு. அந்த வாய்ப்பைப் பெரிதும் சாதியே தீர்மானித்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். 1966க்குப் பின் ‘மதராசிகளே வெளியேறுங்கள்’ என்ற கூச்சல் எழுந்தபோது மட்டும் அந்த வேறுபாட்டை எவரும் பார்க்கவில்லை!

தட்டச்சுப் பொறியின் இடத்தில் இன்று கணிப்பொறி இருக்கிறது. அதற்குக் கட்டளைகளை வரிசையாக எழுதித் தருவதுதான் நிரல். பிள்ளைகள் ‘கோடிங்’ என்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதலே இதைக் கற்பிக்க வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை. கொள்கையை எழுதி முடித்தாகிவிட்டது. பொறி எங்கே, ஆசிரியர் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த இடைவெளியில் கடைவிரித்தவர்கள் கல்வி வணிகர்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த அந்த 2020இலேயே, நிரல் படித்த சிறுவனுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் என்ற பாணியில் விளம்பரங்கள் வந்தன. விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு தலையிட்ட பிறகே அவற்றில் சில நிறுத்தப்பட்டன. காசுள்ளவனுக்குக் கனவு விற்றார்கள். காசில்லாதவன் அந்தக் கடைக்கே வரவில்லை.

வேலைக்காக மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. நம் குடிசைக்கே இன்று நிரல் வந்துவிட்டது. தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. அதன் விதிகளைப் பாருங்கள். 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று உண்டா? உண்டென்றால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பின், 2011 ஜனவரி 1க்கு முன் வந்தவரா? தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு வீடு. அதற்கும் பின்னால் வந்தவரா, மாடியில் இருப்பவரா? வெளியே வாடகை வீடு. ‘இப்படியானால் இது, இல்லையேல் அது’ என்று போகும் இதற்குப் பெயர்தான் நிரல். எந்தத் தேதியில் கோடு கிழிப்பது, எந்தச் சான்றை ஏற்பது என்பதையெல்லாம் முடிவு செய்பவன் மனிதன், பொறி அல்ல. ‘கம்ப்யூட்டர் ஏற்கவில்லை’ என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லும்போது நம் தாய்மார்கள் தலைகுனிந்து திரும்பிவிடுகிறார்கள். ரேஷன் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக எழுதப்பட்ட தமிழ்ப் பெயர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. பொறி ஏற்கவில்லையா, ஏற்காதபடி எவனோ எழுதி வைத்தானா என்று கேட்கும் பிள்ளை நம் வீட்டில் வேண்டும்.

அந்தப் பிள்ளையை உருவாக்கப் பெரிய கட்டிடம் தேவையில்லை. 2011இல் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ‘கோடர் டோஜோ’ என்ற பெயரில் ஒரு சிறு குழு தொடங்கியது. கட்டணம் கிடையாது, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது, 7 முதல் 17 வயது வரை யாரும் வரலாம். பிற்பாடு அது பல நாடுகளுக்குப் பரவியது. அயர்லாந்து எதற்கு, நம் தாராவியையே பாருங்கள். பத்தாண்டுகளுக்கு முன்பே நயா நகரில் நவ்நீத் ரஞ்சன் என்ற ஆவணப்பட இயக்குநர் நடத்திய மையத்தில், குடிசைப் பகுதிச் சிறுமிகள் கைபேசிச் செயலிகளை உருவாக்கிக் காட்டினார்கள். அவற்றில் ஒன்று தண்ணீர்க் குழாயடி வரிசைக்கானது. முறை வரும்போது தகவல் சொல்லும். குடத்தோடு கால்கடுக்க நின்ற பிள்ளைக்குத்தான் அப்படி ஒரு யோசனை தோன்றும். பவாயில் பளிங்குத் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தோன்றுமா?

ஆங்கிலம் தெரியாமல் இது முடியுமா என்று கேட்பார்கள். தமிழிலேயே நிரல் எழுத ‘எழில்’ என்ற மொழியை முத்தையா அண்ணாமலை உருவாக்கியிருக்கிறார். அதில் ‘பதிப்பி’ என்றால் திரையில் எழுத்து வரும், நிபந்தனையை எழுதி ‘ஆனால்’ என்று முடிக்க வேண்டும், மறுபக்கத்துக்கு ‘இல்லை’, கடைசியில் ‘முடி’. நிபந்தனை முதலில், ‘ஆனால்’ பிறகு என்பது நாம் பேசுகிற வரிசையே அல்லவா? பிழைப்புக்கான நிரல்மொழிகள் ஆங்கிலச் சொற்களில்தான் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. சிந்தனை பிடிபட்ட பிள்ளை அந்தச் சொற்களைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்ளும். தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்ந்துவிட்ட நம் பிள்ளைகளுக்குக் கட்டங்களை அடுக்கி நிரல் செய்யும் ‘ஸ்க்ராட்ச்’ இருக்கிறது, அதுவும் இலவசம். சொல்லிக்கொடுப்பது மட்டும் தமிழில் நடக்கட்டும்.

பொங்கலுக்குப் பந்தல் போட்டு மூன்று நாள் ஒலிபெருக்கி கட்டத் தெரிந்த சங்கங்களுக்கு, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மன்றத்தைத் திறந்து வைப்பது பெரிய காரியமல்ல. பழைய மடிக்கணினி ஐந்து போதும்; இருவருக்கு ஒன்று. அதுவும் இல்லாத நாளில், சீட்டுகளை வரிசைப்படுத்தும் விளையாட்டிலேயே பாதிப் பாடத்தை நடத்தலாம். பெண் பிள்ளைகளுக்கு முதல் இடம் தர வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவளானால் தம்பியோடு வரட்டும். பக்கத்துச் சந்தின் மராத்திப் பிள்ளையும் உத்தரப்பிரதேசத்துப் பிள்ளையும் வந்தால் கதவடைக்கக் கூடாது. தமிழ்ப் பள்ளிகள் நடத்தும் மாநகராட்சியிடம் விடுமுறை நாளிலும் கணிப்பொறி அறைகளைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே. நாம் தொடங்கிவிட்டோம் என்பதற்காக அரசின் கடமை குறைந்துவிடாது.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, இனி இது எதற்கு என்று படித்த நண்பர்கள் சிலர் சிரிக்கிறார்கள். கணக்குப் பார்க்கும் பொறி வந்த பிறகும் மளிகைக் கடைச் சீட்டைக் கூட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பவர் உண்டா? பொறி எழுதித் தந்ததைச் சரிபார்க்கவும் அதே அறிவுதான் வேண்டும். அந்த நண்பர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் வேறு. ஐரோலியிலும் அந்தேரியிலும் கணிப்பொறி நிறுவனங்களில் பணிபுரியும் நீங்கள் மாதம் ஒரு ஞாயிறு தாராவிக்கும் மான்கூர்டுக்கும் வாருங்கள். வரும்போது வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியையும் எடுத்து வாருங்கள். மின்னேற்றும் கம்பியை மறக்க வேண்டாம்.