குடிமை கொடுத்தார், இனப்பெயர் மறைத்தார்

“குடியுரிமை தந்தோம், வாக்குரிமையும் தந்தோம், இன்னும் என்ன குறை?” இசுரேலுக்குள் வாழும் பாலத்தீனரை நோக்கி அவ்வரசின் சார்பாளர் தொடுக்கும் வினா இது. வினாவிலேயே சூழ்ச்சி உளது. குடிமை வேறு, நாட்டினம் வேறு. எபிரேய மொழியே இவ்விரண்டிற்கும் இருவேறு சொற்களை வைத்திருக்கின்றது. அந்நாட்டு மக்கட் பதிவேட்டில் யூதர், அரபியர், துரூசியர் எனும் இனங்கள் உண்டு. ‘இசுரேலியர்’ என்றோர் இனம் இல்லை. அவ்வாறு பதியக் கோரிய வழக்கையும் 2013-இல் உச்ச முறைமன்றம் தள்ளிவிட்டது.

1948-இல் ஏழு நூறாயிரம் பாலத்தீனர் மண்ணிழந்து அகல, எஞ்சியோர் ஏறத்தாழ ஒன்றரை நூறாயிரவர். குடிமக்களாக்கப்பட்ட அவர்கள்மீதே 1966 வரை படைத்துறையாட்சி நடந்தது. அடுத்த ஊர் செல்லவும் இசைவுச்சீட்டு வேண்டும்! போரின்போது பக்கத்துச் சிற்றூரில் ஒதுங்கியவர்கள், நாட்டுக்குள்ளேயே இருந்தும், 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ‘இல்லாதவர்’ ஆயினர்; அவர்தம் நிலம் அரசின் காப்பாளர் கைக்குப் போயிற்று. ‘இருக்கும் இல்லாதவர்’ என்றே அவர்களுக்குப் பெயர். முரண்தொடைக்கு மாணாக்கரிடம் எடுத்துக்காட்டலாம் போலும்!

வடகலிலேயாவின் இக்ரித்தைப் பாருங்கள். சில நாள்களில் திரும்பலாமென்று சொல்லிப் படையினர் வெளியேற்றிய கிறித்தவப் பாலத்தீனரின் ஊர் அது. 1951 சூலையில் உச்ச முறைமன்றம் ஊரார்க்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. அவ்வாண்டுக் கிறித்து பிறப்பு நாளையொட்டிப் படையினர் வீடுகளையெல்லாம் வெடிவைத்துத் தகர்த்தனர். கோயில் ஒன்றே நின்றது. வழக்கில் வென்ற குடிமகனுக்கு வீடில்லை. இதுவோ குடியுரிமை? 1976 மார்ச்சு 30-ஆம் நாள் கலிலேயாவில் நிலப்பறிப்பை எதிர்த்து எழுந்தோரில் அறுவர் கொல்லப்பட்டனர்; அந்நாளை ‘நில நாள்’ என்று இன்றும் போற்றுகின்றனர்.

இனி மொழிக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் 1922 முதல் ஆட்சிமொழியாய் இருந்தது அரபு. 2018 சூலையில் 62-க்கு 55 வாக்குகளால் நிறைவேறிய சட்டம், எபிரேயமே அரசமொழி என்றது. அரபுக்குச் ‘சிறப்புநிலை’ என்றொரு பட்டம் தந்தது. முன்பிருந்த நிலைக்கு ஊறில்லை என்றும் ஒரு பிரிவு சேர்த்தனர். ஊறில்லையேல் ஆட்சிமொழி எனும் பெயரைப் பறித்தது எதற்கு? அந்நாட்டில் தன் அரசியல் வாழ்வைத் தானே வரையறுக்கும் உரிமை யூத மக்களுக்கே தனித்துரியது என்பதும் அச்சட்டமே. மக்கள்தொகையில் ஐந்திலொரு பங்கினர் அதற்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர்.

நாடாளுமன்றத்தில் அவர்க்கு உறுப்பினர் இலரோ என்பார் உளர். உளர், 2021-இல் அவர்தம் கட்சியொன்று ஆளுங்கூட்டணியிலும் சேர்ந்தது. 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை.