உமியும் வைக்கோலும் யாருக்குச் சொந்தம்?

அறுவடை முடிந்த கையோடு மட்டக்களப்பு, அம்பாறை, கிளிநொச்சி வயல்வெளிகளில் ஆங்காங்கே புகை எழுவது எமக்குப் பழகிப்போன காட்சி. வைக்கோலுக்குத் தீ வைத்துவிட்டு அடுத்த போகத்துக்கு உழவு இயந்திரத்தை இறக்குகிறார்கள். அதே காலத்தில் அரிசி ஆலைகளின் பின்புறங்களில் உமி மலையாகக் குவிகிறது. இரண்டையும் ‘விவசாயக் கழிவு’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கோளாறு அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது என்பது எனது எண்ணம்.

எமது முன்னோருக்கு இவை கழிவாக இருந்ததில்லை. வைக்கோல் மாட்டுக்குத் தீனியாகவும் வீட்டுக்குக் கூரையாகவும் பயன்பட்டது. உமி நெல் அவிக்கும் அடுப்பை எரித்தது. தட்டாரின் உமியோட்டில் தணலைக் காத்தது. கரியாகிப் பல் துலக்கவும் உதவியது. சூடு மிதித்துப் போர் வைத்த காலம் போய், அறுவடை இயந்திரம் வைக்கோலை வயலெங்கும் சிதறிவிட்டுச் செல்லும் காலம் வந்தது. அதைச் சேர்த்தெடுக்கும் கூலி அதன் விலையை விஞ்சியது. வைக்கோலைக் கழிவாக்கியது இந்தக் கணக்குத்தான்.

இப்போது கணக்கு மீண்டும் மாறுகிறது. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. வழமையான ஆண்டொன்றில் இலங்கையின் நெல் விளைச்சல் ஏறத்தாழ 45 இலட்சம் தொன் எனக் கொண்டால், 9 இலட்சம் தொன் உமி எம்மிடம் உண்டு. நல்ல நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியை அது தரும். எரிந்து முடிந்த சாம்பலும் வீணன்று. அதில் பெரும்பகுதி சிலிக்கா. பக்குவமான வெப்பத்தில் எரித்தெடுத்தால் சீமெந்துடன் கலந்து கொங்கிரீற்றை வலுவாக்கலாம். உமிச் சாம்பலிலிருந்து பெறும் சிலிக்காவை டயர் உற்பத்தியில் பயன்படுத்தப்போவதாகக் குட்இயர் நிறுவனம் 2014இல் அறிவித்தது. வெப்பம் மிகுந்துவிட்டாலோ அந்தச் சிலிக்கா பளிங்குருவாகிப் பயன் குறைவதோடு, தூசியைச் சுவாசிப்போரின் நுரையீரலுக்கும் கேடாகும்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்குவோர் தென்னையைப் பார்க்க வேண்டும். தும்பாலைகளின் ஓரத்தில் ஒரு காலம் கேட்பாரற்றுக் குவிந்துகிடந்த தும்புத்தூள், இன்று மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்காக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. சிரட்டைக் கரியிலிருந்து நீரைச் சுத்திகரிக்கவும் பொன்னைப் பிரித்தெடுக்கவும் உதவும் செயலூட்டிய கரி செய்யப்படுகிறது. கிராமத்தில் சிரட்டை சுடுபவருக்கும் அதனால் ஒரு வருமானம் உண்டு.

ஆயினும் வைக்கோலைச் சிரட்டையோடு ஒப்பிட முடியாது. ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும், 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியமும் இருப்பதாகச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டுள்ளது. வயலில் எரித்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். கொதிகலனுக்கு அனுப்பினால் பொட்டாசியமும் வயலை விட்டு வெளியேறும். அதை ஈடுசெய்யும் உரத்தை நாம் அந்நியச் செலாவணி கொடுத்தே வாங்குகிறோம். சாம்பலை வயலுக்குத் திருப்பாத எரிபொருளைப் ‘புதுப்பிக்கத்தக்கது’ என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

இதைச் சொல்லும்போது 2021ஐ மறக்கவில்லை. ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்து, விளைச்சல் சரியக் கண்டு, சில மாதங்களில் பின்வாங்கிய அரசின் அனுபவம் எம் கண்முன் இருக்கிறது. வைக்கோற் பசளை யூரியாவுக்கு முழு மாற்றாகாது. உரச் செலவில் ஒரு பகுதியை அது மீதப்படுத்தும். மண்ணின் வளத்தையும் காக்கும். அவ்வளவே, அதுவே பெரிது.

ஆகவே வரிசை முக்கியம். வைக்கோல் முதலில் மண்ணுக்கும் மாட்டுக்கும், மிஞ்சியதே எரிபொருளுக்கு. உமி அடுப்புக்கும் ஆலைக்கும் போகட்டும். ஆனால் அதன் விலை யாருக்கு என்பதைப் பேசியாக வேண்டும். கமக்காரர் நெல்லை விற்கும்போது உமியும் சேர்ந்தே ஆலைக்காரருக்குப் போய்விடுகிறது. மின்நிலையங்களும் தொழிற்சாலைகளும் போட்டியிட்டு வாங்கத் தொடங்கினால் உமியின் விலை ஏறும். ஏறிய விலை நெல்லின் விலையில் தானாகப் பிரதிபலிக்காது. செங்கற்சூளை வைத்திருப்பவரும் கோழி வளர்ப்பவரும் மாத்திரம் அதைச் சுமப்பர்.

கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தமக்கெனச் சிறு ஆலைகளை நடத்தினால் உமி அவர்களிடமே தங்கும். வைக்கோலைக் கட்டும் இயந்திரங்களைக் கமநல சேவை நிலையங்கள் வாடகைக்குக் கொடுத்தால் தீ வைக்கும் தேவை குறையும். எரிபொருளுக்காகப் பெருமளவில் வைக்கோல் வாங்கும் எவரும் சாம்பலைத் திருப்பித்தர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

உமி குற்றிக் கை சலித்தது என்று வீண் உழைப்பைச் சொல்வார்கள். இன்று உமிக்கும் விலை வந்துவிட்டது. அந்த விலை வயலில் இறங்கியவரின் கையை எட்டாவிட்டால், இம்முறையும் கை சலிக்கப்போவது அவருக்கே.