கம்ப்யூட்டர் காட்டும் 30 அடி ஏரி

கம்ப்யூட்டர் கணக்கில் தப்பு செய்யாது. ஆனால் தப்பான கணக்கைக் கொடுத்தால், அதையும் மிகச் சரியாகப் போட்டுக் காட்டிவிடும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி எக்ஸெல் பழகுபவர்கள் இந்த வேறுபாட்டை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு எங்கள் மதுராந்தகம் ஏரியே நல்ல பாடம்.

2015 வெள்ளத்தின்போது இந்த ஏரியின் முழு மட்டமாகச் சொல்லப்பட்டது 23.3 அடி. அதற்கு மேல் வரும் தண்ணீர் கலங்கல் வழியாகக் கிளியாற்றுக்குப் போய்விடும். எனவே எவ்வளவு மழை கொட்டினாலும் அளவுகோலில் ஏறக்குறைய அதே எண்தான் தெரியும். ஏரி வறண்டால் 0. அதற்குக் கீழே இறங்க வழியில்லை.

இப்போது எக்ஸெலைத் திறந்து கொள்ளுங்கள். முதல் காலத்தில் மழை அளவாக 20, 40, 60, 80, 100 சென்டிமீட்டர் என டைப் செய்யுங்கள். இரண்டாவது காலத்தில் நீர்மட்டமாக 6, 12, 18, 23.3, 23.3 அடி எனக் கொடுங்கள். இவை பயிற்சிக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். ஏரியின் பதிவேட்டில் உள்ளவை அல்ல. நிஜ ஏரியில் மட்டம் இவ்வளவு சீராக ஏறாது.

இரண்டு காலங்களையும் செலக்ட் செய்து ஸ்கேட்டர் சார்ட் போடுங்கள். ஏதாவது ஒரு புள்ளியில் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்தால் மெனு கிடைக்கும். அதில் ஆட் ட்ரெண்ட்லைன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். லீனியர் என்பது தேர்வாகியிருக்கட்டும். சமன்பாட்டையும் ஆர் ஸ்கொயர் மதிப்பையும் காட்டும் கட்டங்களில் டிக் செய்யுங்கள்.

ஆர் ஸ்கொயர் 0.9354 என வரும். 1-க்கு இவ்வளவு அருகில் இருப்பதைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருக்கும். அவசரப்பட வேண்டாம். இதே கோட்டின்படி 120 சென்டிமீட்டர் மழைக்கு ஏரி மட்டம் சுமார் 30.3 அடி! அப்படி ஓர் ஏரி மதுராந்தகத்தில் இல்லை. மழையே இல்லாவிட்டாலும் 2.75 அடி தண்ணீர் இருக்கும் என்கிறது கோடு. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

"23.3-க்கு மேல் வந்தால் 23.3 என்று மாற்றிக் கொள்ளலாமே" என்று பலர் நினைப்பார்கள். அது போதாது. கோட்டின் சாய்வே தவறாகிவிட்டது. முதல் மூன்று வரிகளைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு மட்டம் 0.3 அடி ஏறுகிறது. எக்ஸெல் தந்த கோட்டில் அது சுமார் 0.23 அடிதான். நிரம்பிய இரண்டு புள்ளிகள் கோட்டைக் கீழே இழுத்துவிட்டன.

அப்படியானால் அந்த இரண்டு வரிகளையும் நீக்கிவிடலாமா? இந்தச் சின்னப் பயிற்சியில் நீக்கினால் சரியான விடை வரும். நிஜத் தகவலில் நீக்கக் கூடாது. கனமழை பெய்தும் எப்படியோ நிரம்பாமல் போன ஆண்டுகள் மட்டும் மிஞ்சும். கோடு மறுபடியும் தவறாகவே சாயும்.

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டோபின். 1981-ல் நோபல் பரிசு பெற்றவர். நீண்ட நாள் உழைக்கும் பொருள்களுக்குக் குடும்பங்கள் செய்யும் செலவை அவர் ஆராய்ந்தார். பல குடும்பங்களின் செலவு 0. வாங்கும் எண்ணமே இல்லாதவருக்கும் 0, வாங்க நினைத்துக் கடைசியில் தள்ளிப் போட்டவருக்கும் 0. எல்லையில் நிற்கும் எண்ணைச் சாதாரண எண்ணாகக் கருதாமல், "உண்மை அளவு இந்த எல்லையிலோ அதைத் தாண்டியோ இருக்கிறது" என்று மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிடும் முறையை 1958-ல் வெளியிட்டார். இன்று அதற்கு டோபிட் மாடல் என்று பெயர். எக்ஸெலில் இதற்கு நேரடி வசதி இல்லை. ஆர் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம்.

எங்கள் ஏரிக்கு இது வெறும் பாடக் கணக்கு அல்ல. 23.3 என்ற ஒரே எண்ணுக்குள் நல்ல மழையும் பெருவெள்ளமும் சேர்ந்து ஒளிந்து கொள்கின்றன. நம் பயிற்சியில் 100 சென்டிமீட்டர் மழைக்கு மட்டம் 30 அடி ஏற வேண்டும். அளவுகோலில் தெரியாத அந்த 6.7 அடித் தண்ணீர்தான் கிளியாற்றில் இறங்குகிறது. ஆற்றோரம் இருப்பவர்களுக்கு வேண்டிய தகவல் அதுதான். ஆகவே மட்டத்தை மட்டும் எழுதி வைப்பது போதாது. கலங்கல் வழிந்ததா, எத்தனை நாள் வழிந்தது என இன்னும் இரண்டு காலங்கள் சேர்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் கணக்கிலும் இப்படிப்பட்ட எண்கள் உண்டு. பரீட்சை மார்க் 100-ஐத் தாண்டாது. மாதச் செலவு 0-க்குக் கீழே போகாது. பாஸ், பெயில் என்றால் இரண்டே விடைகள். அதற்கு நேர்கோடு பொருந்தாது, எஸ் வடிவில் வளையும் லாஜிஸ்டிக் கோடு வேண்டும்.

அடுத்த முறை ட்ரெண்ட்லைன் போடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த எண்ணுக்குக் கீழ் எல்லை எது? மேல் எல்லை எது? எத்தனை வரிகள் அந்த எல்லையில் நிற்கின்றன? இவற்றை எக்ஸெல் தானாகக் கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.