எழுபது எனும் எல்லைக்கோடு

 

ரமலான் மாதத்து மாலை வேளை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அடுக்களையில் நோன்புக் கஞ்சி கொதித்துக் கொண்டிருக்கின்றது. பல்லாண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொண்டு வரும் உம்மா, சுவரில் சாய்ந்து அமர்ந்திருக்கின்றார். நெற்றியில் வியர்வை, கைகளில் நடுக்கம். மகள் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கருவியில் பார்க்கின்றாள். 58 எனக் காட்டுகின்றது. "நோன்பை விட்டு விடுங்கள் உம்மா" என்கின்றாள். "பாங்கு சொல்ல இன்னும் ஒரு மணி நேரந்தானே மகளே, பொறுத்துக் கொள்கிறேன்" என்று விடை வருகின்றது.

நம் இல்லங்களில் எங்கும் நிகழக்கூடிய காட்சிதான் இது. அந்த ஒரு மணி நேரம் ஓர் உயிரின் விலையாகி விடலாம் என்பதையே இம்மாதம் சிந்திப்போம்.

நம் உடலில் ஓடும் இரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் சர்க்கரை ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே. மூளைக்கோ ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை தேவை. உண்ணாதிருக்கும் வேளையில் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து இதனை ஈடு செய்கின்றது. ஆனால் இன்சுலின் ஊசியும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும், உணவு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையைக் குறைத்துக் கொண்டே இருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

2001ஆம் ஆண்டு ரமலானில் 13 நாடுகளைச் சேர்ந்த 12,243 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பெற்ற 'எபிடியார்' ஆய்வு 2004இல் வெளிவந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனையில் சேர நேர்வது நோன்பு மாதத்தில் ஏறத்தாழ 7 மடங்குக்கும் மேலாகப் பெருகியதை அது எடுத்துக் காட்டியது.

எனவே எண்களை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், பாங்குக்குப் பத்து நிமிடமே எஞ்சியிருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். 54க்குக் கீழ் என்றால் அது மூளையைத் தாக்கும் ஆபத்து நிலை. 300ஐத் தாண்டினாலும் நோன்பைத் தொடரலாகாது. அதனுடன் வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்து இழுக்கும் மூச்சு ஆகியவை சேர்ந்தால், இரத்தத்தில் அமிலங்கள் பெருகியிருக்கக் கூடும். தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சர்க்கரை தாழ்ந்தவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரைக் குவளை நீரில் கரைத்துக் கொடுங்கள். வடையும் சமோசாவும் அவ்வேளைக்கு உதவா. எண்ணெய்ப் பண்டம் சர்க்கரையை மெதுவாகவே ஏற்றும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். 70ஐ எட்டவில்லையெனில் மறுபடியும் அதே அளவு கொடுங்கள். எட்டிய பின் கஞ்சியோ ரொட்டியோ உண்ணச் செய்யுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108ஐ அழையுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். சர்க்கரை தாழும்போது முதலில் மங்குவது அறிவே. எரிச்சல், பிடிவாதம், குழறிய பேச்சு யாவும் அந்நோயின் அறிகுறிகளே. "பொறுத்துக் கொள்கிறேன்" என்று உம்மா கூறுவது அவருடைய உறுதியாக இல்லாமல், நோயின் குரலாகவும் இருக்கலாம். ஆதலால் இம்முடிவை அவ்வேளைக்கு விட்டு வைக்காமல், ரமலான் பிறக்கும் முன்பே குடும்பத்தார் கூடிப் பேசி, "70க்குக் கீழ் வந்தால் மகள் சொல்வதைக் கேட்பேன்" என்று அவரிடம் வாக்குப் பெற்று வையுங்கள்.

ரமலானுக்கு ஆறு வாரமேனும் முன்பாக மருத்துவரைக் காணுங்கள். எச்.பி.ஏ.ஒன்.சி. சோதனையில் 7 என வந்தால் நாம் மகிழ்கின்றோம். அது இரண்டு மூன்று மாதங்களின் சராசரியே. ஒரு நாள் 50க்கு இறங்கி, மறுநாள் 250க்கு ஏறுபவரின் சராசரியும் அழகாகவே தோன்றும். கிரியேட்டினின் அளவையும் கேட்டறியுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் இம்மருந்துகள் நெடுநேரம் தங்கும். மாலையில் சர்க்கரை நீர் பருகித் தேறியவர் இரவில் மீண்டும் மயங்குவதற்கு இது ஒரு காரணம். அத்தகையவரை ஒரு நாளேனும் மருத்துவரின் கண்காணிப்பில் வைப்பதே நலம். மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவரே மாற்ற வேண்டும். நாமாக மாற்றுதல் கூடாது.

விரலில் ஒரு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பொதுவான கருத்து. ஆகவே ஸஹருக்கு முன்பும், நண்பகலிலும், அஸருக்குப் பின்னும், உடல் சோர்வுறும் எவ்வேளையிலும் தயங்காமல் சோதியுங்கள்.

நோயாளி வேறு நாட்களில் நோன்பை ஈடு செய்யலாம் என்ற சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் அல்லாஹ்வே வழங்கியிருக்கின்றான். தீராத நோயாளிக்கு ஃபித்யா உண்டு. தத்தம் நிலைக்கேற்ற சட்டத்தை ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். இறைவன் அளித்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. அவனுடைய கருணையைக் கண்ணியப்படுத்துவதாகும்.

அந்த உம்மா சர்க்கரை நீரைப் பருகட்டும். பாங்கு ஒலிக்கும்போது பிள்ளைகளோடு அமர்ந்து துஆ கேட்க அவர் இருக்க வேண்டும். வல்ல அல்லாஹ் நம் பெற்றோருக்கு நிறைந்த நலனையும் நீடித்த ஆயுளையும் அருள்வானாக! ஆமீன்.