லிவர்பூல் வாங்காத பத்திரிகை

லிவர்பூலில் ஒரு பத்திரிகைக் கடைக்குள் நுழைந்து ‘தி சன்’ இருக்கிறதா என்று கேட்பவர் பெரும்பாலும் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். பல கடைகளில் அது அடுக்கிலேயே இருக்காது. ‘இங்கே விற்பதில்லை’ என்று கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும். அதே ஒட்டுத்தாளை டாக்சிகளின் பின்புறத்திலும் பார்க்கலாம். பத்திரிகையின் பெயரை முழுதாக எழுதவும் மனமில்லாமல், நடு எழுத்தை நட்சத்திரக் குறியாக மாற்றி எழுதுபவர்கள் அந்த ஊரில் ஏராளம். பிரிட்டனில் அதிகம் விற்கும் நாளிதழ் என்று பல பத்தாண்டுகள் மார்தட்டிக்கொண்ட பத்திரிகை அது. 1989 ஏப்ரலில் சாத்திய கதவை அந்த நகரம் இன்னும் திறக்கவில்லை. அரசு தடை போடவில்லை. எந்தக் கட்சியின் அறைகூவலாலும் அது தொடங்கவில்லை.

இவ்வளவு நீண்ட கோபம் நியாயம்தானா என்று லண்டனில் அவ்வப்போது ஒரு குரல் எழும். நியாயம்தான். ஏன் என்று புரிய, அந்த ஏப்ரல் மாதத்தின் ஐந்து நாட்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து அரையிறுதி. லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் மோதுகின்றன. மாலை 3 மணிக்கு ஆட்டம். லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் நின்று பார்க்க டிக்கெட் வாங்கியிருந்த 10,100 லிவர்பூல் ரசிகர்கள் உள்ளே போக, ஆளை ஒவ்வொருவராக அனுப்பும் சுழல்கதவுகள் மொத்தம் ஏழு. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க வெளியே நெரிசல் முற்றியது. 2.52 மணிக்குப் போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்டின் உத்தரவில் ‘சி’ கேட் என்ற பெரிய வாயில் திறக்கப்பட்டது. உள்ளே வந்தவர்களுக்கு நேர் எதிரே தெரிந்தது ஒரு சுரங்கப்பாதை. அது போய் முடிந்த இடம், ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பகுதி. ரவுடித்தனத்தைத் தடுப்பதற்கென்று அந்தக் காலத்து ஆங்கில மைதானங்களில் கம்பிவேலி போட்டு, ரசிகர்களைக் கூண்டு கூண்டாகப் பிரித்து நிற்க வைத்திருந்தார்கள். சுரங்கப்பாதையின் வாயை அடைத்து, காலியாகக் கிடந்த பக்கவாட்டுக் கூண்டுகளுக்குக் கூட்டத்தைத் திருப்பிவிட யாரும் இல்லை.

3.06 மணிக்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. வேலியில் அழுந்தி மூச்சு முட்டிச் செத்தவர்களை, விளம்பரப் பலகைகளைப் பிடுங்கித் தூக்குப்படுக்கையாக்கி மைதானத்தின் குறுக்கே சுமந்து ஓடியவர்கள் சக ரசிகர்கள். அன்றைக்கே 94 பேர் இறந்தார்கள். சில நாளில் இன்னொருவர். நினைவு திரும்பாமலே கிடந்த ஒருவர் 1993இல். அன்று பட்ட காயத்தின் விளைவாக 2021இல் மற்றொருவர். மொத்தம் 97.

உடல்களை அடுக்கி முடிக்கும் முன்பே பொய் புறப்பட்டுவிட்டது. ரசிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள் என்று டக்கன்ஃபீல்டு கால்பந்துச் சங்க அதிகாரிகளிடம் சொன்னார். கதவைத் திறக்கச் சொன்னதே அவர்தான். அடுத்த சில நாட்களில் ‘குடிகார ரசிகர்கள்’ என்ற கதை போலீஸ் வட்டாரத்திலிருந்து கசிந்துகொண்டே இருந்தது. ஷெஃபீல்டைச் சேர்ந்த ஒரு செய்தி நிறுவனம் பெயர் சொல்லாத காவலர்களிடமும், கன்சர்வேடிவ் நாடாளுமன்ற உறுப்பினர் அர்வின் பாட்னிக்கிடமும் கேட்டதைத் தொகுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பியது.

புதன்கிழமை, ஏப்ரல் 19. ‘தி சன்’ முதல் பக்கத்தின் பெரும்பகுதியை இரண்டே சொற்கள் விழுங்கியிருந்தன. தமிழில் ஒரே சொல்: ‘உண்மை’. அதன் கீழே மூன்று துணைத்தலைப்புகள். சில ரசிகர்கள் பிணங்களின் பாக்கெட்டில் கைவிட்டார்கள். சிலர் காவலர்கள் மேல் சிறுநீர் கழித்தார்கள். செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டிருந்த காவலரைச் சிலர் அடித்தார்கள். அத்தனையும் பொய்.

இதே கதையை ‘தி சன்’ மட்டும் போடவில்லை. வேறு நாளிதழ்களும் போட்டன. ஷெஃபீல்டு உள்ளூர்ப் பத்திரிகை ஒருநாள் முந்திக்கொண்டது. பிறகு ஏன் ஒரு பத்திரிகைக்கு மட்டும் இந்தத் தண்டனை? புறக்கணிப்பை எதிர்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. பதில் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. மற்றவை ‘போலீஸ் குற்றச்சாட்டு’ என்று ஒரு வேலி போட்டுக்கொண்டன. பலவீனமான வேலிதான், ஆனால் சொன்னது யார் என்றாவது வாசகருக்குத் தெரிந்தது. ஆசிரியர் கெல்வின் மெக்கன்ஸி அந்த வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குற்றம் சாட்டியவர்களின் வாய்மொழியைத் தன் பத்திரிகையின் தீர்ப்பாக அச்சிட்டார். வதந்தியைச் செய்தியாக்குவது ஒரு தவறு. அதற்கு ‘உண்மை’ என்று பெயரும் சூட்டுவது, பிள்ளையைப் புதைக்கக் காத்திருந்த தாயைப் பார்த்து ‘நீ சொல்வது பொய்’ என்பதற்குச் சமம்.

அந்தப் பொய் எடுபட்டதற்கும் காரணம் உண்டு. 1985இல் பிரஸ்ஸல்ஸ் ஹைசல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் 39 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலானோர் யுவென்டஸ் ரசிகர்களான இத்தாலியர்கள். அந்தக் கறை உண்மையானது. துறைமுகத் தொழில் சரிந்து, வேலையில்லாமல் தவித்த லிவர்பூல்மீது அன்றைய இங்கிலாந்தின் மற்ற பகுதிகளுக்கு மரியாதை குறைவு. ‘அவர்கள் அப்படித்தான்’ என்று நம்பத் தயாராக இருந்த வாசகரைக் குறிவைத்தே அந்த முதல் பக்கம் தயாரானது.

லிவர்பூலை ஒட்டிய கர்க்பியில் மக்கள் அந்த இதழைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கடைக்காரர்கள் கட்டுகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். அந்த வட்டாரத்தில் விற்பனை சரிந்தது. பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. லிவர்பூல் அணியின் சிவப்பு, எவர்ட்டன் அணியின் நீலம் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும் ஊர் அது. ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி நீலம் என்று இருப்பது சகஜம். சாவு நடந்த மறுவாரம், ஸ்டான்லி பூங்காவின் இரு பக்கமும் அன்று இருந்த இரண்டு அணிகளின் மைதானங்களையும் கழுத்துத்துண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப்போட்டு இணைத்தார்கள். புறக்கணிப்பும் அப்படியே இரண்டு நிறத்துக்கும் பொதுவாயிற்று. தலைவர் கிடையாது, அலுவலகம் கிடையாது, கெடு தேதி கிடையாது. எந்த ஊரிலும் நடக்கும் புறக்கணிப்பு சில வாரங்களில் சூடு தணிந்துவிடும். இது தந்தையிடமிருந்து மகளுக்குப் போனது. 1989இல் பிறந்தே இராதவர்கள் இன்று அந்தக் கடைகளின் கல்லாவில் நிற்கிறார்கள்.

சொந்த அணிக்காரரையும் ஊர் விட்டுவைக்கவில்லை. லிவர்பூல் அணியின் கொண்டாடப்பட்ட வீரரும் பிறகு அதன் மேலாளருமான கிரேம் சூனெஸ், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ‘தி சன்’ பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். அது வெளியான நாள் 1992 ஏப்ரல் 15, மூன்றாம் நினைவுநாள். பல முறை அவர் வருத்தம் தெரிவித்துவிட்டார். இன்றும் முழுதாக மன்னிக்காத ரசிகர்கள் இருக்கிறார்கள்.

இனி மன்னிப்புகளுக்கு வருவோம். லிவர்பூலின் பிடிவாதத்தைக் குறை சொல்பவர்கள், பத்திரிகைதான் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுவிட்டதே என்பார்கள். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். 1993இல் நாடாளுமன்றக் குழுவின் முன் மெக்கன்ஸி தவறு என்று ஒப்புக்கொண்டார். கூடவே, ஒரு எம்.பி. சொன்னதை நம்பியதுதான் தன் தவறு என்று பழியைத் தள்ளிவிட்டார். 2004இல் எவர்ட்டனின் இளம் நட்சத்திரம் வெய்ன் ரூனி அந்தப் பத்திரிகைக்குத் தன் கதையை விற்க, ஊர் மறுபடி கொதித்தது. ‘எங்கள் வரலாற்றிலேயே மிக மோசமான தவறு’ என்ற பொருளில் ஒரு முழுப்பக்கம் எழுதிய ‘தி சன்’, அதே மூச்சில் லிவர்பூலின் உள்ளூர்ப் பத்திரிகைகள்தான் கோபத்தைக் கிளப்பிவிடுகின்றன என்றும் சாடியது. 2006இல் ஒரு விருந்தில் பேசிய மெக்கன்ஸி, தான் வருந்தவே இல்லை என்று சொன்னதாகச் செய்தி வந்தது.

நிபந்தனையற்ற மன்னிப்பு 2012 செப்டம்பரில் வந்தது. லிவர்பூல் பிஷப் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையிலான தன்னாட்சிக் குழு அதற்கு முந்தைய நாள்தான் அறிக்கை வெளியிட்டிருந்தது. போலீசாரின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்ததையும், அவற்றில் 116இல் போலீசைக் குறைகூறும் பகுதிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்ததையும் அந்தக் குழு ஆவணங்களோடு காட்டியது. இறந்தவர்களில் 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்பிருந்தது என்றது. பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ‘தி சன்’ முதல் பக்கத்தில் ‘மெய்யான உண்மை’ என்ற தலைப்பில் மன்னிப்பு வந்தது. நாடே ஒப்புக்கொண்ட பிறகு ஒப்புக்கொள்வதற்குத் துணிச்சல் தேவையில்லை. நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை, போலீஸ் கட்டுப்பாடு தோற்றதே முதன்மைக் காரணம் என்று 1989 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. பொய் அச்சேறி நான்கு மாதம்கூட ஆகவில்லை. அன்றே அதே அளவு எழுத்தில், அதே முதல் பக்கத்தில் திருத்தம் வந்திருந்தால் இந்தக் கதை வேறாகப் போயிருக்கும்.

அந்த 23 ஆண்டுகள் குடும்பங்களுக்கு எப்படிக் கழிந்தன? 1991இல் மரண விசாரணை ‘விபத்து’ என்று முடித்தது. 3.15 மணிக்குமேல் நடந்ததை அந்த விசாரணை பார்க்கவே மறுத்தது. தன் 15 வயது மகன் அந்த நேரத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தான் என்று ஆன் வில்லியம்ஸ் என்ற தாய் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். பழைய தீர்ப்புகளை உயர்நீதிமன்றம் 2012 டிசம்பரில் ரத்துசெய்ததைப் பார்த்தார். சில மாதங்களில் புற்றுநோயால் இறந்தார். புது விசாரணை 2016 ஏப்ரல் 26 அன்று வாரிங்டனில் முடிந்தபோது, அது சட்டவிரோதக் கொலை என்றும் ரசிகர்கள்மேல் பழி இல்லை என்றும் ஜூரி சொன்னது. அதன்பின் வந்த குற்ற வழக்குகளில் டக்கன்ஃபீல்டு 2019இல் விடுதலையானார். வாக்குமூலங்களைத் திருத்திய வழக்கு 2021இல் சட்ட நுணுக்கத்தில் விழுந்தது. மைதானத்தின் அன்றைய நிர்வாகி ஒருவருக்குப் பாதுகாப்பு விதிமீறலுக்காக 6,500 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. 97 சாவுக்கு நீதிமன்றங்கள் கொடுத்த தண்டனை மொத்தமும் அவ்வளவுதான்.

இந்தக் கணக்கோடு வைத்துத்தான் புறக்கணிப்பை எடைபோட வேண்டும். அரசாங்கமும் போலீசும் நீதிமன்றமும் கைவிட்ட இடத்தில், சாதாரண மனிதர் கையில் மிஞ்சியது பத்திரிகைக்குக் கொடுக்கும் சில்லறைக் காசு. அதைக் கொடுக்க மறுத்தார்கள். ‘தி சன்’ அதனால் முடங்கிவிடவில்லை. லிவர்பூல் இல்லாமலும் லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் ஒவ்வொரு கடையிலும் காலியாகக் கிடந்த அந்த அடுக்கு, ‘இங்கே ஒரு வழக்கு முடியவில்லை’ என்று தினமும் காலையில் நினைவூட்டியது.

யாரும் எதிர்பாராத இன்னொரு விளைவும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எதிராகப் பல ஆண்டுகள் முழங்கிய பத்திரிகை ‘தி சன்’. புறக்கணிப்புக்குப் பின் லிவர்பூலை உள்ளடக்கிய மெர்சிசைடு பகுதியில் ஐரோப்பிய எதிர்ப்பு மனநிலை குறைந்தது என்று ஃப்ளோரியன் ஃபூஸ், டேனியல் பிஷாஃப் என்ற அரசியல் ஆய்வாளர்கள் கருத்துக்கணிப்புத் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். 2016 பொதுவாக்கெடுப்பில் நாடு வெளியேறச் சொன்னபோது, லிவர்பூலில் 58 சதவீதம் பேர் இருக்கச் சொன்னார்கள். அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஒரு பத்திரிகை வீட்டுக்குள் வராமல் போனால் வீட்டுப் பேச்சும் மாறும் என்பது பத்திரிகை முதலாளிகள் யோசிக்க வேண்டிய செய்தி.

பத்திரிகைச் சுதந்திரம் என்ற வாதத்தையும் தட்டிக்கழிக்கக் கூடாது. வாசகர் வாங்க மறுப்பதும் கடைக்காரர் விற்க மறுப்பதும் அவரவர் உரிமை. கடைக்காரர்களை விற்கவேண்டாம் என்று நகர மன்றம் 2016இல் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டபோது விஷயம் கொஞ்சம் இடறுகிறது. அதிகாரத்தில் இருப்பவர்கள் எந்தப் பத்திரிகை விற்கலாம் என்று சொல்லும் பழக்கம் நல்லதில்லை. 2017 பிப்ரவரியில் லிவர்பூல் அணி அந்தப் பத்திரிகையின் நிருபர்களைத் தன் மைதானமான ஆன்ஃபீல்டுக்குள் விட மறுத்ததிலும் அதே நெருடல். தன்னைப் புகழாத நிருபரை வெளியே நிறுத்த நாளை வேறொரு பணக்கார அணி இதையே முன்னுதாரணமாகக் காட்டலாம். சாதாரணச் சனங்களின் மறுப்புக்கு இருக்கும் வலிமை தனி. அதற்கு முத்திரையோ உத்தரவோ தேவைப்படவில்லை.

அன்றைய ஆட்கள் இப்போது அங்கே இல்லையே என்பது கடைசி வாதம். மெக்கன்ஸி 1994இல் ஆசிரியர் பொறுப்பை விட்டார். ஆனாலும் அதே பத்திரிகை அவரைப் பிறகு பத்தி எழுத வைத்தது. ஹில்ஸ்பரோவின் 28ஆம் நினைவுநாளுக்கு முந்தைய நாள், நைஜீரியத் தாத்தாவின் பேரனான எவர்ட்டன் வீரர் ராஸ் பார்க்லியைக் கொரில்லாவோடு ஒப்பிட்டு அவர் எழுதியது அச்சில் வந்தது. மறுநாளே எவர்ட்டனும் கதவைச் சாத்தியது. அதன் பிறகுதான் அவர் வெளியேற்றப்பட்டார்.

அதற்கும் ஓராண்டு முன்பு, வாரிங்டனில் தீர்ப்பு வந்த அன்று, குடும்பங்கள் நீதிமன்ற வாசலில் நின்று தங்கள் அணியின் பாட்டைப் பாடின. ஏப்ரல் 27 காலை பெரும்பாலான பிரிட்டிஷ் நாளிதழ்களின் முதல் பக்கங்களில் அந்த முகங்கள் இருந்தன. ‘தி சன்’ செய்தியை உள்பக்கத்தில் போட்டது. முதல் பக்கத்தில் ஹில்ஸ்பரோ இல்லை. லிவர்பூல்காரர்கள் அதைத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும்தான் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் வழக்கமாகப் போகும் கடையின் அடுக்கில் அந்த முதல் பக்கம் இல்லை.