ஸ்டெப்னி இல்லாத வண்டிகள்

மோட்டார் வண்டியின் மாற்றுச் சக்கரத்தை நம் நாட்டில் கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே ஸ்டெப்னி என்று அழைக்கின்றனர். இஃது உண்மையில் ஒரு தெருவின் பெயராகும். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் 1904-ஆம் ஆண்டில் ஒரு புதிய கருவியைக் கொண்டுவந்தனர். ஆரக்கால் இல்லாத வளையமொன்றில் காற்றடைத்த டயரைப் பூட்டி, பழுதுற்ற சக்கரத்தின் பக்கத்தே அதனை இறுக்கிக்கொள்ளலாம் என்பதே அதன் சிறப்பு. அப்பெயர் பிறந்த நாட்டில் வழக்கொழிந்துவிட்டது. ஹைதராபாத்தின் பஞ்சர் கடைகளிலோ இன்றளவும் ஒரு நாளைக்குப் பல முறை அது ஒலிக்கிறது. ஆயினும் அச்சொல் குறிக்கும் பொருள்தான் வண்டிகளிலிருந்து மெல்ல மறைந்து வருகிறது.

2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பெற்றன. ஓட்டுநர் உட்பட ஒன்பது பேருக்கு மேற்படாமல் ஏற்றிச் செல்வதும், மூன்றரை டன் எடைக்கு உட்பட்டதுமான வண்டியில் மாற்றுச் சக்கரம் கட்டாயமன்று என்று அத்திருத்தம் கூறுகிறது. ட்யூப் இல்லாத டயர்கள், டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் சாதனம், பழுது நீக்கும் பெட்டி ஆகிய மூன்றும் அவ்வண்டியில் இருத்தல் வேண்டும். சக்கரம் நீங்கிய இடத்தில் மின்சார வண்டிக்குப் பெரிய பாட்டரி வைக்கலாம் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இம்மாற்றத்தில் விஞ்ஞான நியாயம் இல்லாமலில்லை. ட்யூப் இல்லாத டயரின் உட்புறம் காற்றை எளிதில் கசியவிடாத ரப்பர்ப் படலத்தால் பூசப்பெற்றுள்ளது. ஆணி தைத்தால் ரப்பர் அதனை இறுகப் பற்றிக்கொள்வதால் காற்று மெதுவாகவே வெளியேறும். அழுத்தம் குறைவதை ஓட்டுநருக்கு எதிரேயுள்ள விளக்கு முன்னதாகவே அறிவித்துவிடும். பெட்டியிலுள்ள பசைத் திரவத்தை உட்செலுத்திச் சிறிய கம்ப்ரெஸர் கொண்டு காற்றடைத்தால், அடுத்த கடை வரையில் வண்டி ஓடும். பாரமான சக்கரத்தை வெயிலில் தூக்கி மாட்ட வேண்டிய தொல்லையும் இல்லை. இவ்வளவும் மெய்யே.

ஆனால் பசை அடைக்கக்கூடியது, டயர் சாலையில் படும் தடிப்பான பகுதியில் ஏற்பட்ட சிறு துளையை மட்டுமே. டயரின் பக்கச் சுவர் மெல்லியது. சக்கரம் சுழலுந்தோறும் வளைந்து நிமிர்வது. கூரிய கல்லோ குழியின் விளிம்போ அதனைக் கிழித்துவிட்டால் எந்தப் பசையும் அங்கு நிற்காது. காற்றில்லாமல் சிறிது தூரம் ஓட்டப்பட்ட டயரின் உள்நூல்களும் சூட்டினால் சிதைந்துவிடும். அதற்கும் இப்பெட்டியால் பயனில்லை.

ஹைதராபாத்தைச் சுற்றிச் செல்லும் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையை நோக்குக. குறித்த இடங்களில் மட்டுமே அதில் ஏறவும் இறங்கவும் இயலும். விரைந்து செல்லும் வண்டிகளுக்காக அமைந்த அச்சாலையின் ஓரத்தில் பஞ்சர் கடை இருக்க வாய்ப்பில்லை. அதனைக் கடந்து உட்கிராமங்களுக்குச் செல்லும் வழிகளிலோ, கடை மட்டுமன்றிக் கைப்பேசித் தொடர்பும் சில இடங்களில் கிட்டுவதில்லை. மண் மாதிரி எடுக்கவும் தடுப்பூசி போடவும் செல்லும் கள ஊழியரின் வண்டி செல்வது இவ்வழிகளிலேதான். உதவி அருகில் உண்டு என்ற அனுமானத்தின்மேல் எழுந்த ஒரு சலுகை, உதவியே இல்லாத இடத்திற்கு எவ்வாறு பொருந்தும்?

ஸ்கூட்டர்களின் கதையும் இதுவே. பழைய லாம்ப்ரெட்டாவும் பஜாஜ் சேத்தக்கும் ஒரு மாற்றுச் சக்கரத்தைச் சுமந்தே திரிந்தன. இந்நாளைய கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் அது இல்லை. அது போனதைக் குறித்து எவரும் பெரிதாகப் பேசவுமில்லை. 2019 நவம்பர் 27-ஆம் நாள் இரவு, ஷம்ஷாபாத் சுங்கச் சாவடிக்கு அருகில் ஓர் இளம் கால்நடை மருத்துவரின் ஸ்கூட்டர் காற்றிழந்து நின்றது. வேண்டுமென்றே காற்றை இறக்கிவிட்டு, உதவுவது போல வந்தவர்கள் அவரைக் கொடுமைக்குள்ளாக்கிக் கொன்றனர் என்று போலீசார் பின்னர்த் தெரிவித்தனர். அக்குற்றத்திற்குக் காரணம் டயர் அன்று. மாற்றுச் சக்கரம் இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று சொல்லவும் எவராலும் இயலாது. எனினும் இருளில் வண்டி நின்றுபோன ஒருவர் வழிப்போக்கரின் நல்லெண்ணத்தையே முற்றும் நம்பியிருக்க வேண்டிய நிலை எத்தகையது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. டிக்கியில் சிறிது இடம் மிச்சமாவதை இதனோடு வைத்து எடைபோடுதல் தகும்.

ஸ்டெப்னி இருந்துவிட்டால் மட்டும் போதாது. பல வண்டிகளில் அது ஆண்டுக்கணக்கில் காற்றின்றிக் கிடக்கிறது. மாதம் ஒரு முறை அதனையும் சோதித்தல் வேண்டும். நட்டுகளைத் திருக இயலாமையே மற்றொரு குறை. ஒரு சிறு காரின் நட்டை இறுக்கச் சுமார் 100 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை வேண்டும் எனக் கொள்வோம். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 25 கிலோ எடை அழுத்தினால் அது கிடைக்கும். கைப்பிடி 20 சென்டிமீட்டராயின் 50 கிலோ தேவைப்படும். துருவேறிய நட்டுக்கு இன்னும் அதிகம். ஆகையால், வண்டியுடன் தரப்பட்ட குட்டை ஸ்பானருக்குப் பதிலாக நீண்டதொன்றை வாங்கி வைத்தல், உடல் வலிமையிலும் மேலான துணையாகும். நெம்புகோல் பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு இதைவிடத் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. பள்ளி வாயிலில் நிற்கும் வண்டியிலேயே மாணவியரும் மாணவரும் செய்து பார்க்கலாம். ஜாக்கியால் வண்டியை உயர்த்துவதற்கு முன்னரே நட்டுகளைத் தளர்த்துதல், எதிர்ச் சக்கரத்திற்குக் கல் வைத்தல், கரிசல் மண்ணில் ஜாக்கியின் அடியில் பலகையிடுதல் ஆகியவற்றையும் அவர்களே கண்டறிவர்.

2020-ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றுச் சக்கரத்தை விட்டுவிட அனுமதிக்கிறதேயன்றி, விட்டுவிடும்படி கட்டளையிடவில்லை. களப்பணிக்கு வண்டி வாங்கும் அலுவலகங்களும் வாடகைக்கு அமர்த்தும் அலுவலகங்களும் ஸ்டெப்னி, ஜாக்கி, நீண்ட ஸ்பானர் ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். பழுது நீக்கும் பெட்டியும் உடன் இருக்கட்டும். அதிலுள்ள பசைக் குப்பிக்கும் காலாவதித் தேதி உண்டு. அது குப்பியின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.