பெயருள்ள வீடுகளும் பெயரற்ற வீடுகளும்

கொடைக்கானலின் வரலாறு என்றதும் நம் நினைவிற்கு வருவன ஏரியும் பங்களாக்களுமே. 1845-இல் அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு வீடுகளை எழுப்பினர். மதுரை ஆட்சியராய் இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஏரியை அமைத்தார். வழிகாட்டி நூல்கள் இவற்றைத் தவறாது கூறும். அவ்வீடுகளின் உத்தரங்களும் கண்ணாடிகளும் எவர் தோளில் மலையேறின என்பதை மட்டும் அவை கூறா.

மலைச்சாலை 1914-இல் முடிவுற்று, 1916-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன் அம்மையநாயக்கனூர் புகைவண்டி நிலையத்தில் இறங்கிய துரைமார்கள் மாட்டுவண்டியில் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை வருவர். அங்கிருந்து கழிகளில் கட்டிய நாற்காலியில் அமர்ந்துகொள்ள, கூலியாட்கள் சுமந்து ஏறுவர். மலைமேல் செல்வம் நடந்து வரவில்லை, சுமக்கப்பட்டு வந்தது.

இது நம் மலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. உரோமாபுரியில் செல்வரும் பேரரசரும் பாலடைன் குன்றின்மீது மாளிகை அமைத்தனர். அக்குன்றின் பெயரே பின்னர் ஆங்கிலத்தில் அரண்மனையைக் குறிக்கும் சொல்லாயிற்று. எளியோரோ ‘இன்சுலா’ என்னும் அடுக்குக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்தனர். மின்தூக்கி இல்லாத அக்காலத்தில் மேல்தளம் ஏற ஏற வாடகை குறையும். தீப்பற்றினால் தப்பும் வழியும் குறையும். கட்டடங்கள் எழுபது அடிக்கு மேல் உயரலாகாதென அகஸ்டஸ் விதித்தார். விதி இருந்தது, விபத்தும் இருந்தது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டுப் பட்டியல்கள் அந்நகரில் தனிமாளிகைகள் சற்றொப்ப 1,800 என்றும், இன்சுலாக்கள் 46,000-க்கு மேல் என்றும் கணக்கிடுகின்றன.

அந்த யவன நாட்டுக் கைவினைப் பாவைவிளக்கு நம் நெடுநல்வாடையின் அரண்மனையிலும் எரிகிறது. நூலிட்டு அளந்து அவ்வரண்மனை கட்டப்பட்ட திறத்தை வகுப்பில் விரித்துரைக்கிறோம். பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினரின் ஈந்திலை வேய்ந்த குடிசையை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். பிழை நூலில் இல்லை; பயிற்றும் நம்மிடம் உள்ளது. நானும் பல்லாண்டு அவ்வாறே பயிற்றினேன்.

அண்மையில் துறை மாணவர்களோடு கோடைக்குச் சென்றிருந்தேன். பங்களா வாயில்களில் பொறித்த பெயர்களை மாணவர்கள் குறித்துக்கொண்டிருந்தனர். மலையிலேயே பிறந்த மாணவர் ஒருவர் மட்டும் எழுதாமல் நின்றார். காரணம் வினவினேன். “எங்க வீட்டுக்குப் பேரு இல்லீங்கய்யா. ஒத்தை அறை, வாடகை. எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் இந்த ஊருக்கு டோலி தூக்கி வந்தவர்” என்றார். ஐந்து தலைமுறை இம்மலையில் உழைத்தும் ஒரு சென்ட் நிலம் அக்குடும்பத்திற்கு வாய்க்கவில்லை. நிலமெல்லாம் விடுதிகளையும் கோடை இல்லங்களையும் நாடிப் போயின. 1993-இல் நகருக்கு முழுமைத் திட்டம் வகுக்கப்பட்டது. 2019-இல் உயர்நீதிமன்ற ஆணைப்படி விதிமீறிய கட்டடங்கள் பூட்டி முத்திரையிடப்பட்டன. மீறல் பற்றிப் பேசினோம். கூலியாளர் எங்கே குடியிருப்பது என்பது பற்றிப் பேசினோமா?

நம் சமுதாயப் பெரியோர் சிலருக்கும் அங்கே இல்லங்கள் உண்டு. ஆண்டில் பத்து நாள் திறந்திருக்கும். எஞ்சிய நாளெல்லாம் காவலாளி காப்பார். அவர் எங்கே உறங்குகிறார், மழைக்காலத்தில் அவர் கூரை ஒழுகுகிறதா என்று கேட்க வேண்டும். அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். இதனைச் சினத்தோடு எழுதவில்லை, உரிமையோடு எழுதுகிறேன்.

வரும் பருவத்தில் மாணவர்களின் களப்பணி பங்களாக்களைப் பற்றியதாய் இராது. சுமந்தோர் வழிவந்த குடும்பங்களின் வீடுகளை அவர்கள் பதிவு செய்வர்: கூரை எது, வாடகை எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை தலைமுறை. “இது தமிழ்ப்பாடமா?” என்று துறையிலேயே ஒருவர் கேட்டார். எயினர் குடிசையைப் பாடியவர் தமிழ்ப்புலவர்தாமே என்றேன். முதல் பதிவு, அன்று எழுதாமல் நின்ற அம்மாணவரின் ஒற்றை அறை வீடு.